பாட்டா போட்ட எண்ணெய்

எண்ணெய் தொட்டு வைத்த சாமான் கெடாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. வெட்டுகத்தி, கதவுக் கீல், கிணற்றுக் கப்பி, கல்யாணத்துக்கு வந்த ஈட்டிக் கட்டில், பிள்ளையின் தலை, எல்லாவற்றுக்கும் ஒரே தேங்காய் எண்ணெய் பாட்டில்தான். தக்கலைப் பக்கம் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கிற வேலையில் இருக்கும் எனக்கு இந்த நம்பிக்கையோடு தினமும் மல்லுக்கட்டு. மேசை மேல் வருஷக்கணக்காகப் படிந்த பிசுக்கைச் சுரண்டி எடுப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அது தொழில் எரிச்சல், சாயங்காலம் கை கழுவினால் தீர்ந்துவிடும். குலசேகரத்து மாமாவின் துப்பாக்கிக் கட்டை விஷயம் அப்படித் தீரவில்லை. வேலை முடிந்து துப்பாக்கி வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அன்று நடந்த பேச்சு மனசில் கிடந்து உழன்றுகொண்டே இருக்கிறது.

துப்பாக்கி எங்கள் பாட்டாவுடையது, அதாவது அம்மாவின் அப்பா. ரெட்டைக்குழல், பன்னிரண்டு 'போர்' (குழலின் உள்ளளவு), பெல்ஜியத்தில் செய்தது. குழலின் அடியில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்தும் நட்சத்திரமும் மேலே கிரீடமும் இருக்கும். லீஜ் நகரத்துச் சோதனைச் சாலை அடிக்கிற முத்திரை அது. பாட்டா வாங்கியபோது எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு லைசென்ஸ் சென்னை மாநில, அதாவது இன்றைய தமிழ்நாட்டு, லைசென்ஸ் ஆனது. ரப்பர் தோட்டத்துக்கு ஓரமாக மரச்சீனி போட்டிருந்த காலத்தில் பன்றியை விரட்ட வாங்கினாராம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு பன்றி மேல் இஷ்டத்துக்குக் குறிவைக்க முடியாமல் போய்விட்டது. அப்புறம் அது வெடித்ததை நான் பார்த்ததில்லை. பாட்டா இறந்த பின் மாமா வாரிசாக மனுப்போட்டு, அலைந்து, லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றினார். எதற்கு இந்தத் தொல்லை என்று மாமி கேட்காத மாதமில்லை. மாமா பதில் சொல்வதும் இல்லை.

நம்பர் இல்லாத பாகம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கியை வீட்டில் பிரித்துப்போட்டு ஆசாரியைக் கூப்பிட்டுப் பழுது பார்க்கிற காரியம் கிடையாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி உரிமம் வேண்டும். ஆகவே டவுனில் அந்த உரிமம் உள்ள ஒரு கடையில்தான் வேலை நடந்தது. கடைக்கார அண்ணாச்சிக்கு இரும்பு வேலை அத்துப்படி. மர வேலைக்கு முன்பு அவரிடம் ஓர் ஆசாரி இருந்தார், இப்போது கண் சரியில்லை என்று வருவதில்லை. அதனால் எப்போதாவது கட்டை வேலை வந்தால் என்னைக் கூப்பிடுவார். பூட்டையும் (விசையும் வில்லும் இருக்கிற இரும்புப் பகுதி) குழலையும் அவரே கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வார், நான் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து மரத்தை மட்டும் பார்ப்பேன். மாமாவின் துப்பாக்கி என்னிடம் வந்ததும் அந்த வழியில்தான்.

லைசென்ஸ் புத்தகத்தில் ஏறுவது இரும்பில் அடித்த நம்பர். மரத்துக்கு நம்பர் கிடையாது, யாரும் அதைப் பதிவு செய்வதும் இல்லை. கடைக்குப் போகும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைத் தாண்டித்தான் போவேன். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னால் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியான டச்சுப் படைக்காரர் டிலனாய் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். கோட்டைக்குள் பீரங்கி வார்த்த கதையை ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அந்தப் படைக்காரர்கள் தோளில் சுமந்த துப்பாக்கிக்குக் கட்டை இழைத்த ஆசாரிகளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. இரும்பு சுடுகிறது, மரம் தாங்குகிறது. தாங்குகிறவனுக்குப் பேர் இருப்பதில்லை என்று அண்ணாச்சி ஒருநாள் சொன்னார். அவர் சொன்னது கடை வாடகையைப் பற்றி என்று பிறகுதான் தெரிந்தது.

புதுசு மாதிரி வேண்டும்

மாமா கேட்டது ஒன்றுதான்: "புதுசு மாதி ஆக்கித் தா மக்களே." அவர் மனசில் இருந்தது நாகர்கோவில் பர்னிச்சர் கடைகளில் சோபாக் கையில் மின்னும் மெலமைன் பளபளப்பு. கட்டையைப் பார்த்தால் அவர் ஆசைப்பட்டதில் தப்புச் சொல்ல முடியாது. பழைய பூச்சு அங்கங்கே உரிந்து, மீதி கறுத்துக் கிடந்தது. கைப்பிடியில் செதுக்கிய கட்டக் கோடுகளுக்குள் அழுக்கு ஏறி மழுங்கியிருந்தது. அடிக்கட்டையில் வரிசையாகச் சிராய்ப்பும் நசுங்கலும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அங்கே எல்லாத் துப்பாக்கியும் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும், முடிந்து வரும்போது புதிதாக ஒரு குழி இருக்கும். எந்தக் குழி எந்தத் தேர்தல் என்று மாமா கட்சிப் பேரோடு சொல்வார்.

இந்த மாதிரிக் கட்டையைக் கண்டதும் உப்புத்தாளை எடுப்பவர்கள்தான் அதிகம். கையில் எந்திரம் இருந்தால் இன்னும் மோசம். துப்பாக்கிக் கட்டையில் மரமும் இரும்பும் சேருகிற இடத்தில், மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாகவோ சமமாகவோ இருக்கும். செய்தவன் அப்படித்தான் விட்டிருப்பான். உரசினால் மரம் இறங்கிவிடும், இரும்பு விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு எவ்வளவு பூசினாலும் அந்தக் கட்டை அந்த இரும்புக்குப் பிறந்ததாகத் தெரியாது. செதுக்கிய கோடும் போய்விடும். அதனால் பூச்சை ரசாயனத்தால் இளக்கி, துணியாலும் பல்துலக்கும் பிரஷாலும் எடுப்பதுதான் முறை. பிடிவாதமான இடத்தில் ஆசாரிகள் செய்கிற மாதிரி கண்ணாடிச் சில்லின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். நசுங்கலுக்கு உரசவே வேண்டாம். ஈரத்துணியைக் குழி மேல் போட்டு இஸ்திரிப் பெட்டியின் முனையை ஒரு நொடி வைத்தால், ஆவி உள்ளே போய் நசுங்கிய நார் உப்பி எழும். நார் அறுந்திருந்தால் எழாது, அது கீறல். மாமாவின் கட்டையில் பெரும்பாலான தேர்தல்கள் இஸ்திரிப் பெட்டியில் போய்விட்டன. இரண்டு மூன்று மட்டும் போக மறுத்தன, அவற்றை நானும் வற்புறுத்தவில்லை.

மரம் அக்ரூட். இந்தியாவில் அது காஷ்மீரில் வளர்கிறது, எங்கள் மலையில் கிடையாது. எடை குறைவு, உறுதி அதிகம், ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் கோணாது, நுணுக்கமாகச் செதுக்கினால் விளிம்பு உதிராது. இங்கே உடைந்த கட்டைக்குப் பதில் தேக்கில் செய்துபோட்ட துப்பாக்கிகளை நான் பார்த்திருக்கிறேன். தேக்கு கதவுக்கு ராஜாதான், ஆனால் மெலிந்து வளையும் கழுத்தில் அதிர்ச்சி வாங்கினால் பிளந்துகொள்ளும். ஈட்டி பார்க்க அழகு, தூக்கினால் தோள் கழன்றுவிடும். எங்கள் ஊர் மரங்களில் அயினியை நம்பலாம் என்பது என் எண்ணம். நான் சொன்னால் அண்ணாச்சி சிரிப்பார்.

ஆனால் உண்மையான கேடு இது எதிலும் இல்லை. பூட்டு வந்து உட்கார்கிற முகத்தில், கழுத்துக்குச் சற்று முன்னால், ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. சுடும்போது முப்பது கிராம் ஈயக் குண்டு நொடிக்கு நானூறு மீட்டர் வேகத்தில் முன்னால் போகிறது, அதன் பின்னுதைப்பு முழுவதும் இந்தச் சின்ன முகத்தில்தான் மோதும், பிறகுதான் தோளுக்கு வரும். அந்த முகம் கறுப்பாக இருந்தது. அழுக்கின் கறுப்பு இல்லை. நகத்தால் அழுத்தினேன், உள்ளே போயிற்று. அக்ரூட்டில் நகம் போகக் கூடாது.

மார்கழிக் காலை

எண்ணெய் ஊறிய மரம் என்று பார்த்ததும் தெரிந்தது. பழைய துப்பாக்கிகளில் இது சாதாரணம். பூட்டுக்கு எண்ணெய் விட்டு, குழல் மேலே பார்க்கிற மாதிரி அலமாரி மூலையில் சாய்த்து வைப்பார்கள். எண்ணெய் இரவும் பகலும் கீழே இறங்கும். அங்கே நிற்பது மரத்தின் குறுக்குவெட்டு முகம், விளக்குத் திரி மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். நார்களைப் பிடித்து வைத்திருப்பது இளகி, மரம் பஞ்சாகிவிடும். அந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது, வச்சிரமானாலும் அரால்டைட்டானாலும். வெடிப்பை ஒட்டுவதற்கு முன் எண்ணெயை வெளியே எடுத்தாக வேண்டும்.

அதற்குச் சாக்பவுடர். புட்டி பிசைவதற்குப் பெயின்ட் கடையில் விற்கிற அதே வெள்ளைப் பொடி. நீற்றுச் சுண்ணாம்பைப் போட்டுவிடக் கூடாது, அது காரம், அக்ரூட்டின் துவர்ப்போடு சேர்ந்து மரத்தைக் கறுக்க வைக்கும். பொடியை அசிட்டோனில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, கறுத்த இடத்தில் தடிமனாக அப்ப வேண்டும். அசிட்டோன் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும், ஆவியாகி வெளியே வரும்போது எண்ணெயையும் இழுத்து வந்து பொடியில் விட்டுவிடும். வெள்ளைப் பொடி மஞ்சளாகி, அப்புறம் காப்பி நிறத்துக்கு வரும். தட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். இடையில் அசிட்டோன் வாடை முழுக்கப் போன பிறகு, முடி உலர்த்துகிற மிஷினால் சூடு காட்டினால் ஆழத்தில் இருக்கிற எண்ணெய் இளகி மேலே வரும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் கடையே பற்றிக்கொள்ளும். இது பொறுமையான வேலை, சுவாரசியமான வேலை இல்லை. பொடி வெள்ளையாகவே நிற்கும் வரை செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

மிஷினுக்கு விடுகிற கனிம எண்ணெயாக இருக்கும் என்றார் அண்ணாச்சி. பெரும்பாலும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் கடைசியாகச் சூடு காட்டி, பொடியெல்லாம் தட்டித் துடைத்துவிட்டு, கட்டையை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மார்கழிக் குளிரில் சீக்கிரமே போய்ப் பார்த்தால், வெடிப்பின் உதட்டிலும் கட்டக் கோடுகளுக்குள்ளும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பொடி மிச்சம் என்று விரலால் தேய்த்தேன். உதிரவில்லை. வழுக்கியது. விரல் சூட்டில் கரைந்து தண்ணீராகிவிட்டது. முகர்ந்து பார்த்தேன், சிக்கு வாடை. எங்கள் வீட்டுக் குளியலறையில் பாட்டிலுக்குள் எண்ணெய் உறைந்து, கம்பியால் குத்தி எடுத்துவிட்டு வந்த காலை அது. இருபத்து நான்கு டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பித்துவிடும். மிஷின் எண்ணெய் எங்கள் ஊர்க் குளிருக்கெல்லாம் உறையாது.

கையில் அந்தப் பிசுபிசுப்போடு சும்மா நின்றேன். கட்டையைக் கடைக்குக் கொடுக்கும்போது மாமா சொன்னது ஞாபகம் வந்தது: "அப்பா எண்ணெ போடாத ஞாயித்துக்கெழமெ கெடையாது மக்களே. பூசைக்குப் போயிட்டு வந்த ஒடனே அதுதான் சோலி." பெருமையாகச் சொன்னார். நானும் பார்த்திருக்கிறேன். திண்ணையில் கோணிச் சாக்கை விரித்து, வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு, குழல், பூட்டு, கட்டை என்று வித்தியாசம் பார்க்காமல் மேலிருந்து கீழே தடவுவார். எங்களைத் தொட விடமாட்டார், பார்க்க விடுவார். கடைசியில் பூட்டின் இடுக்கில் இரண்டு சொட்டு. பிறகு அலமாரியில் நிமிர்த்தி வைத்துச் சாவி போடுவார். இந்த மரத்தைப் பஞ்சாக்கியது அந்த இரண்டு சொட்டு.

எண்ணெயில் காய்கிற எண்ணெய், காயாத எண்ணெய் என்று இரண்டு ஜாதி உண்டு. ஆளி விதை எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, இழை இழையாகப் பின்னிக்கொண்டு, மரத்துக்குள்ளேயே கெட்டியாகிவிடும். அதனால்தான் ஐரோப்பாவில் துப்பாக்கிக் கட்டைக்குக் காலங்காலமாக அதைத் தேய்த்தார்கள். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதற்குப் பின்னிக்கொள்ளக் கை இல்லை. எத்தனை வருஷமானாலும் காயாது. அதனால்தான் அது சட்டியில் இத்தனை நல்ல எண்ணெய், மரத்துக்கு இத்தனை கெட்ட எண்ணெய்.

மாமாவிடம் சொன்னது

சொல்லாமல் விட்டிருக்கலாம். வெடிப்பை ஒட்டி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுத்தால் மாமாவுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டில் திறக்கும். கட்டையைப் பார்க்கக் கடைக்கு வந்தபோது, கறுத்துப்போன பொடிக் கட்டிகளைக் காகிதத்தில் சேர்த்து வைத்திருந்ததைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். பாட்டா பேரை எடுக்காமல் "எண்ணெய் இறங்கிட்டு மாமா" என்று பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். மாமாவுக்கு அதெல்லாம் உடனே பிடிபட்டுவிடும்.

"அப்போ அப்பா எண்ணெ போட்டதாலதான் கெட்டுதுன்னு சொல்லுதியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "குழலுக்க உள்ள பாத்தியளா? எப்பிடிக் கெடக்கு?"

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து குழலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, என்னிடம் நீட்டினார். இரண்டு குழலும் உள்ளே பளிச்சென்று இருந்தன. ஒரு புள்ளி துரு இல்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே கொட்டுகிற மாவட்டம் இது. சுவரிலேயே பாசி பிடிக்கும். அந்த ஈரத்தில் அந்த வயசுக் குழலின் உள்பக்கம் குழி விழாமல் இருப்பதை அண்ணாச்சியே அதிகம் பார்த்ததில்லை என்றார். பூட்டின் வில்லும் அப்படியே புதுசாக இருந்தது.

"எண்ணெ போடலைன்னா இது இருக்குமா?" என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

இருக்காது. அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் செரிக்காத இடம். கடைக்குப் போகும்போது தெளிவான ஒரு கருத்தோடு போனேன்: தேங்காய் எண்ணெய் மரத்துக்கு எதிரி. அது பொய்யில்லை. ஆனால் துப்பாக்கி மரம் மட்டும் இல்லையே. இரும்புக்கு எண்ணெய் வேண்டும், இந்த ஊரில் நிறையவே வேண்டும். அந்த இரும்பைத் தாங்குகிற மரத்துக்கு அது ஆகாது. பாட்டா இரும்பைக் காப்பாற்றியிருக்கிறார், அதற்கு மரம் விலை கொடுத்திருக்கிறது. துணியில் ஒரு தொடுதலும் தலைகீழாகச் சாய்த்து வைப்பதும் இரண்டையும் காப்பாற்றியிருக்கும் என்று இப்போது உட்கார்ந்து சொல்வது எனக்குச் சுலபம். அந்தக் காலத்தில் குலசேகரத்தில் ஒரு விவசாயிக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? பெட்டியில் வந்த குறிப்பு பிரெஞ்சில் இருந்திருக்கும்.

அப்புறம் மாமா பளபளப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மரத்துக்கு என்ன வேணுமோ அதப் போடு" என்றார்.

மீதி வேலையை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பொடி வெள்ளையாக நின்ற பிறகு வெடிப்பை ஒரு மெல்லிய ஆப்பால் கொஞ்சம் விரித்து, மெதுவாக இறுகும் அரால்டைட்டைச் சூடு காட்டி இளக்கி உள்ளே விட்டு, சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றினேன். வளைந்த கழுத்தில் எந்தக் கவ்வியும் டியூப் மாதிரி சமமாகப் பிடிக்காது. பஞ்சான இடத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டு, அண்ணாச்சியிடம் கிடந்த ஒரு பழைய உடைந்த கட்டையிலிருந்து அக்ரூட் துண்டு எடுத்துப் பொருத்தினேன். திருகாணி ஓட்டையைச் சுற்றி இரும்புக் கறை கறுத்திருந்தது, அதை ஆக்சாலிக் அமிலம் எடுத்தது. மழுங்கிய கோடுகளை மூன்றுபட்டை அரத்தின் விளிம்பால் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பூச்சுக்குப் பெயின்ட் கடையில் கிடைக்கிற டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது சீக்கிரம் காய்கிற ஆளி விதை எண்ணெய். நாட்டு மருந்துக் கடையில் குடிக்கிறதற்கு விற்கிற ஆளி விதை எண்ணெயும் ஆகும், ஆனால் காய்வதற்குள் பங்குனி வந்துவிடும். ஒரு சொட்டு, உள்ளங்கையால் சூடு வரும் வரை தேய்ப்பது, மிச்சத்தைத் துடைப்பது, காயவிடுவது. அவ்வளவுதான். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், குவிந்த துணி தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

கட்டை பளபளக்கவில்லை. கன்னம் வைக்கிற இடத்தில் பாட்டாவுக்குத் தேய்ந்த வழவழப்பு அப்படியே இருக்கிறது. முகத்தில் வைத்த புதுத் துண்டின் நிறம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு, பூட்டு மூடிவிடுவதால் வெளியே தெரியாது. மாமாவுக்குத் தெரியும், வருகிறவர்களிடம் துப்பாக்கி பற்றிப் பேச்சு வந்தால் அதைத்தான் முதலில் சொல்கிறாராம்.

குழல் கீழே பார்க்கத் தலைகீழாக வைப்பதற்கு ஒத்துக்கொண்டார். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டச் சொன்னார், ஒட்டினேன்: இரும்புக்குத் துணியில் தொட்டு மிஷின் எண்ணெய், மரத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை லின்சீட், தேங்காய் எண்ணெய் வேண்டாம். போன வாரம் கூப்பிட்டு, அந்தச் சீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டார். பூசை முடிந்து வந்து என்ன செய்ய என்றார். காய்ந்த துணியால் துடைங்க மாமா என்றேன். எண்ணெய் இல்லாமலா என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, லின்சீட் வாடை மாமிக்கு ஆகவில்லை, டப்பாவை மாட்டுத் தொழுவத்தில் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.